பேய் ஏன் மனுக் கொடுக்கிறது?

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பின்சுவரில் சாய்ந்து நிற்கும் தம்பிகளே! முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள். பேய்ப் படங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரிந்துதான் கதவோரமாக நிற்கிறீர்களோ என்னவோ.

துண்டறிக்கையில் என் பெயருக்கு முன்னால் ‘திரைப்பட ஆய்வாளர்’ என்று அச்சாகியிருக்கிறது. அது செயலாளரின் அன்பு. நான் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன். சினிமாவுக்கும் எனக்கும் உள்ள உறவு டிக்கெட் கிழிக்கிற இடத்தில் தொடங்கி ‘வணக்கம்’ கார்டு விழுகிற இடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒரு படம் பார்க்கும்போது முதுகுத்தண்டு சில்லிட்டதா, இல்லையா என்று சொல்ல எந்தப் படிப்பும் வேண்டியதில்லை. அந்த அளவுக்கு மட்டுமே இன்று பேசப் போகிறேன்.

படங்களை வகை பிரிப்பதைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. நம் ஊர்ச் சனங்கள் அந்த வேலையை எப்போதோ முடித்துவிட்டார்கள். தியேட்டரிலிருந்து திரும்புகிறவரிடம் ‘என்ன படம்?’ என்று கேட்டால், பெயர் வருவதற்கு முன்பே சாமி படம், சண்டைப் படம், அழுகைப் படம், பேய்ப் படம் என்று இனம் வந்துவிடும். அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு வாக்குறுதி இருக்கிறது. பேய்ப் படம் என்றால் உன்னைப் பயமுறுத்துகிறேன் என்று வாக்கு. துப்பறியும் படம் என்றால் கடைசிவரை ஆளைக் காட்டமாட்டேன், ஆனால் ஏமாற்றவும் மாட்டேன் என்று வாக்கு. தணிக்கைக்காரன் புத்தி எங்கே போகும்? தொடக்க இருப்பு என்ன, இறுதி இருப்பு என்ன என்று பார்ப்பேன். முதல் பத்து நிமிடத்தில் கொடுத்த வாக்கு கடைசி ரீலில் தீர்ந்திருக்கிறதா? எனக்கு இருக்கிற அளவுகோல் இதுதான். இதை வைத்துக்கொண்டு பெரிய இயக்குநர், சின்ன இயக்குநர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் கணக்குக் கேட்கலாம்.

இப்படிக் கேட்டுக்கொண்டே வந்ததில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நம்முடைய வகைப் படங்கள் எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு வழக்கில் போய் நிற்கின்றன. வருவது பேயானாலும், பாம்பானாலும், குதிரைமேல் தொப்பிக்காரனானாலும், காலத்தைத் தாண்டுகிற எந்திரமானாலும், யாருக்கோ ஓர் அநியாயம் நடந்திருக்கும். அதற்கு நியாயம் கிடைக்காமல் படம் முடியாது. இது நம் பலமா, பலவீனமா? எனக்கு ஒரு முடிவு இருக்கிறது. அதற்குச் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும்.

துப்பறியும் படத்திலிருந்து தொடங்குகிறேன். 1954-இல் ஏ.வி.எம். தயாரிப்பில், வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் வந்தது ‘அந்த நாள்’. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. ‘பராசக்தி’ வந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. சிவாஜி கணேசன் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று தமிழ்நாடு இருந்த நேரம். அந்தச் சிவாஜியைப் படத்தின் தொடக்கத்திலேயே சுட்டுச் சாய்த்துவிடுகிறார் பாலச்சந்தர். 1943 அக்டோபரில் சென்னைமேல் ஜப்பானிய விமானம் குண்டு போட்டுவிட்டுப் போனதே, அதை ஒட்டி நடக்கிற கதை. செத்தவன் ஒரு வானொலிப் பொறியாளன். விசாரணைக்கு வரும் துப்பறியும் அதிகாரியாக ஜாவர் சீதாராமன். கதை வசனமும் அவரே. வீட்டில் உள்ளவர்கள், தெருவில் உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் செத்தவன் வேறு வேறு ஆளாக எழுந்து வருகிறான்.

இதைச் சொல்லும்போது ‘ரஷோமான்’ என்று யாராவது கையைத் தூக்குவீர்கள். அகிரா குரோசாவாவின் படம் 1950-இல் வந்தது, உண்மை. ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லி, எது நடந்தது என்றே தெரியாமல் போகிற படம் அது. ‘அந்த நாள்’ அப்படிக் கைவிரிப்பதில்லை. கொலை செய்தவர் யார், ஏன் செய்தார் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறது. சொல்லும்போது சட்டத்தின் பக்கமா, நாட்டின் பக்கமா, பாசத்தின் பக்கமா, எந்தப் பக்கம் நிற்பது என்ற சங்கடத்தை நம் மடியில் இறக்கி வைக்கிறது. ஒளிப்பதிவு மாருதி ராவ். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. பார்க்கிறவனுக்கு அந்தக் குடும்பத்தில் எவர்மேலும் நம்பிக்கை வராமல் செய்ய அதுவே போதுமாக இருந்தது.

கொட்டகைகளில் படம் நினைத்த அளவுக்கு ஓடவில்லை. சிவாஜி படத்தில் பாட்டு இல்லையா என்று கேட்ட காலம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த ஆண்டுப் படங்களில் தமிழுக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் ‘மலைக்கள்ளன்’ படத்துக்குப் போயிற்று. ‘அந்த நாள்’ தகுதிச் சான்றிதழோடு நின்றது. ‘மலைக்கள்ளன்’ என்ன படம்? மாறுவேடம் போடுகிற கொள்ளைக்காரன் கதை. நாமக்கல் கவிஞரின் நாவல், கலைஞரின் வசனம், எம்.ஜி.ஆர். இன்றைக்கு விருது வாங்குகிற படம் என்றால் மெதுவாக நகர வேண்டும், யாராவது ஜன்னல் வழியாக வெகுநேரம் வெளியே பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு ஒரு கொள்ளைக்காரன் படமும் ஒரு கொலைப் படமும் டெல்லியில் மரியாதை வாங்கிக்கொண்டு வந்திருக்கின்றன.

பாலச்சந்தர் இதோடு விடவில்லை. 1964-இல் ‘பொம்மை’ எடுத்தார். ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு. யாரைக் கொல்ல வைத்தார்களோ அவரிடம் போகாமல் அது கை மாறிக் கை மாறிப் போகிறது. குண்டு இருப்பது நமக்குத் தெரியும். பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களுக்குத் தெரியாது. ஹிட்ச்காக் பேட்டிகளில் மேஜைக்கு அடியில் குண்டு வைத்து விளக்குவாரே, அந்தப் பாடத்தின் செய்முறை வகுப்பு இது. படம் முடிந்ததும் நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் இயக்குநரே திரையில் வரிசையாக அறிமுகம் செய்து வைப்பார். அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடிக்கும். 1970-இல் ‘நடு இரவில்’. ஒரு பெரிய வீட்டில் உறவுக்காரர்கள் கூடுகிறார்கள், ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். வீணையில் அவ்வளவு பெரிய வித்துவான், இந்தப் பக்கத்துக்கே முழுநேரமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆசைப்படுவேன். வீணைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், விட்டுவிடுகிறேன்.

ஏ.சி. திருலோகசந்தரின் ‘அதே கண்கள்’ (1967) இன்னொரு ரகம். வண்ணம், வேதாவின் இசை, கும்மாளம், நடுவே கொலை. பாட்டு வந்தால் மர்மம் கெடும் என்பவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்ட வேண்டும். பாட்டு முடிந்தவுடன் அடுத்து யார் என்ற கிலி பிடித்துக்கொள்ளும். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘யார் நீ?’ இந்தியில் ஓடிய ‘வோ கௌன் தி?’ படத்தின் தமிழ். மழை, வெள்ளைச் சேலை, ஜெயலலிதா, எதிரே ஜெய்சங்கர். பேய் போலக் காட்டிவிட்டுக் கடைசியில் சொத்துக்கான சதி என்று முடிப்பார்கள். அந்தக் காலத்துப் பேய்களில் பெரும்பாலானவை சம்பளத்துக்கு நடித்தவை என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, தொடர் கொலைகாரன். ‘சிகப்பு ரோஜாக்கள்’ 1978-இல் வந்தபோது கமல்ஹாசனின் அந்தப் பார்வைக்குத் தியேட்டரே நடுங்கியது. பாரதிராஜாவுக்கு முதலிரண்டு படங்களும் கிராமம். மூன்றாவதாக இப்படி ஒன்றை எடுத்த துணிச்சலுக்குக் கும்பிடு போடலாம். ஆனால் இறுதி இருப்பு? பெண்கள் அந்தக் கொலைகாரனுக்குச் செய்த துரோகத்தை விரிவாகச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். செத்துப் புதைந்து கிடக்கிற பெண்களுக்குப் பேச ஒரு காட்சியும் இல்லை. வழக்கில் குற்றவாளியின் வக்கீல் மட்டும் வாதாடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டே ஆண்டில் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ வந்தது. இளையராஜாவுக்கு நூறாவது படம். பிரதாப் போத்தன் அதில் கத்துவதில்லை, முழிப்பதில்லை. மெதுவாகப் பேசுகிறார். அவன்மேல் பரிதாபம் வருகிறது. பரிதாபம் வருகிறதே என்று நமக்கே கூச்சமும் வருகிறது. காரணம் சொல்வதற்கும் வக்காலத்து வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் விளங்கும்.

மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ (1984) பற்றி ஒரு வார்த்தை: சத்யராஜின் மொட்டைத்தலையும் வட்டக் கண்ணாடியும். வசனம் தேவைப்படாத பயம். கதை மறந்துபோனவர்களுக்கும் அந்த உருவம் மறக்கவில்லை.

அண்மைக்காலத்தில் ‘ராட்சசன்’ (2018) பெரிய வெற்றி. முதல் முக்கால் பங்கில் எனக்கும் கைப்பிடியை இறுகப் பிடிக்க வேண்டியிருந்தது. பொம்மை முகம் வந்து விழுகிற காட்சிகளில் ராம்குமார் வாக்கைக் காப்பாற்றுகிறார். ஆனால் நோயால் உருவம் மாறிப்போய் எல்லோரும் கேலி செய்த ஒரு பிள்ளை, அதனாலேயே அரக்கனாக ஆனது என்று முடிக்கிறார்களே, அங்கே எனக்கு உறுத்தியது. அப்படிப்பட்ட பிள்ளைகள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டார் அந்தப் படத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள்? ‘போர் தொழில்’ (2023) இதைவிட நிதானமானது. திருச்சிப் பக்கம் நடக்கும் கொலைகள். அனுபவக்கார அதிகாரியாகச் சரத்குமார், புத்தகப் படிப்பும் நடுக்கமுமாக அசோக் செல்வன். பயப்படுகிறவனையே போலீஸ்காரனாக வைத்தது விக்னேஷ் ராஜாவின் நல்ல யோசனை. நம் பயத்தைத் திரைக்குள்ளேயே ஒருவன் சுமந்துகொண்டு நடக்கிறான் அல்லவா?

சரி, தலைப்புக்கு வருகிறேன். பேய்.

வெள்ளைக்காரர் படங்களில் வரும் பேய்க்குக் காரணம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘எக்ஸார்சிஸ்ட்’ (1973) படத்தில் அந்தச் சிறுமியைப் பிடித்த பிசாசுக்கு அந்தக் குடும்பத்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. அது தீமை, வந்தது, அவ்வளவுதான். காரணம் இல்லாததே அங்கே பயம். நம் பேய் அப்படி வராது. இடைவேளைவரை கதவைத் தட்டும், விளக்கை அணைக்கும், நகைச்சுவை நடிகரை ஓட ஓட விரட்டும். இடைவேளைக்குப் பிறகு ஒரு பெரியவரிடமோ மந்திரவாதியிடமோ தன் பெயர், ஊர், தொழில், எதிரி பெயர், சம்பவம் நடந்த தேதி எல்லாவற்றையும் வாக்குமூலமாகக் கொடுத்துவிடும். அரை மணி நேரம் ‘பிளாஷ்பேக்’. அதுவரை பயந்துகொண்டிருந்த நாம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். பிறகு பேயும் கதாநாயகனும் கூட்டாகச் சேர்ந்து வில்லனை முடிப்பார்கள்.

ராகவா லாரன்ஸின் ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பேய் கொண்டுவருகிற வழக்கு என்ன? நிலம். ஏழைகளுக்கு என்று சொன்ன நிலத்தை, மருத்துவமனைக்கு என்று வாங்கிய நிலத்தை, பதவியில் இருக்கிறவன் அபகரித்துக்கொண்டான். தாசில்தார் அலுவலகத்தில் நடக்காத வேலைக்காகச் செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள். ‘காஞ்சனா’வில் சரத்குமார் திருநங்கையாக வரும் அந்தப் பகுதியை நான் உயர்வாகவே மதிக்கிறேன். திருநங்கையரைக் கேலிப்பொருளாகவே காட்டிப் பழகிய சினிமா, ஒரு பெரிய நடிகரை அந்த வேடத்தில் கம்பீரமாக நிறுத்தி, குடும்பம் குடும்பமாக வந்தவர்களைக் கைதட்ட வைத்தது. படத்தின் மற்ற பகுதிக் கூச்சல் என் காதுக்கு அதிகம். ஆனாலும் அந்த மனு நியாயமான மனு.

பேய் மனுக் கொடுப்பது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த உத்தி என்று நினைக்க வேண்டாம். திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர் இருக்கிறது. கணவனால் கொல்லப்பட்ட பெண் நீலிப் பேயாகி, மறு பிறவியில் வந்த அவனைத் துரத்துகிறாள். துரத்தி என்ன செய்தாள்? நேரே போய்க் கழுத்தைக் கடித்துவிடவில்லை. எழுபது வேளாளர் கூடியிருந்த சபைக்குப் போனாள். இவன் என் கணவன், என்னை விட்டு ஓடப் பார்க்கிறான், தீர்ப்புச் சொல்லுங்கள் என்று வழக்குத் தொடுத்தாள். அவர்களும் விசாரித்து, அவன் உயிருக்கு நாங்கள் பிணை என்று வாக்குக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அவன் செத்தான், வாக்குத் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். அதே நீலியைச் சமண நூலான ‘நீலகேசி’ எடுத்துக்கொண்டு, மற்றச் சமயத்தாரோடு தருக்கம் செய்கிற அறிவாளியாகவே ஆக்கிவிட்டது. வாதாடுகிற பேய் நமக்குப் பரம்பரைச் சொத்து. கிராமங்களில் பாருங்கள், அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களுக்கு நடுகல் வைத்து, படையல் போட்டு, தெய்வமாகவே ஆக்கிவிடுகிறார்கள். பயமும் குற்றவுணர்வும் நம் நாட்டில் ஒரே வாசலில் குடியிருப்பவை.

அதனால் ‘பேய்ப் படத்தில் பிளாஷ்பேக் எதற்கு?’ என்று படித்த இளைஞர்கள் சலித்துக்கொள்ளும்போது நான் உடன்படுவதில்லை. என் புகார் வேறு. மனு எழுதுகிற அவசரத்தில் பயத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். நீலி கதையைக் கேட்டால் நியாயம் அவள் பக்கம் இருக்கிறதே என்று தோன்றும். அப்படித் தோன்றும்போதே அவள்மேல் உள்ள பயமும் அதிகமாகும். நம் படங்களில் பேயின் கதை தெரிந்தவுடன் அது வீட்டு விருந்தாளி ஆகிவிடுகிறது. சுந்தர் சி.யின் ‘அரண்மனை’ வரிசை 2014-இல் தொடங்கி நாலு பாகம் வந்துவிட்டது. அந்தப் பேய்களைப் பார்த்து என் பேரப்பிள்ளைகள் பாப்கார்ன் கேட்கிறார்கள். பயம் காட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர் பாப்கார்ன் விற்றுவிட்டுப் போனால் தணிக்கைக் குறிப்பில் எழுதத்தானே வேண்டும்?

‘சந்திரமுகி’யையும் சொல்லாமல் போனால் வெளியே விடமாட்டீர்கள். பாசிலின் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாகி, 2005-இல் நம்மிடம் வந்தது. மூலத்தில் ஷோபனாவின் மனநோய் மெல்ல மெல்ல உருண்டு திரளும். நம்முடையதில் ரஜினிகாந்த் வரவேண்டும், பாட வேண்டும், பட்டம் விட வேண்டும். ஆனாலும் ஜோதிகா கட்டிலைத் தூக்குகிற காட்சியில் கொட்டகை உறைந்துபோனதை மறுக்க முடியாது. எனக்கு அந்தப் படத்தில் ஒரே ஒரு நிலுவைப் பாக்கி: அந்தப் பெரிய பாம்பு. அரண்மனையில் அவ்வப்போது வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறதே, அது எதற்கு வந்தது? இதுவரை யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் கேள்வி நேரத்தில் சொல்லலாம்.

பயத்தையும் நியாயத்தையும் சேர்த்தே காப்பாற்றிய படங்களும் நம்மிடம் உண்டு. விக்ரம் கே. குமாரின் ‘யாவரும் நலம்’ (2009). புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவருகிறது ஒரு குடும்பம். வீட்டுப் பெண்கள் ஒரு தொலைக்காட்சித் தொடரில் மூழ்கிக் கிடக்கிறார்கள். அந்தத் தொடரில் வரும் குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் இந்த வீட்டில் நடக்கிறது. மாதவன் ஏறினால் லிப்ட் நகராது. பாழடைந்த பங்களா இல்லை, சலங்கைச் சத்தம் இல்லை. பட்டப்பகலில், சாம்பார் வாசனை வரும் கூடத்தில், பெட்டிக்குள்ளிருந்து பேய் வருகிறது. மறுநாள் என் வீட்டில் சீரியல் ஓடியபோது நான் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டேன். அதே ஆண்டு அறிவழகனின் ‘ஈரம்’. கதவிடுக்கில் கசிகிற தண்ணீர், ஒழுகுகிற குழாய், மழை, இவ்வளவுதான் பேய். கொலையுண்ட பெண்ணின் வழக்கும் ஒரு துளி குறையாமல் விசாரிக்கப்படுகிறது. மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) இன்னும் ஒருபடி மேலே போய், மனுவே கொடுக்காத பேய் ஒன்றைக் காட்டியது. அது யாரை மன்னிக்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் படம் கெட்டுவிடும்.

விட்டலாச்சாரியாவை இந்தப் பட்டியலில் சேர்ப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். தெலுங்கில் எடுத்துத் தமிழ்நாட்டிலும் சக்கைப்போடு போட்ட ‘ஜகன்மோகினி’ (1978) ஞாபகம் இருக்கிறதா? வீட்டு மருமகளாக வந்த மோகினி அடுப்பில் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே நீட்டி வைத்துச் சமைப்பாள். தந்திரக் காட்சி மிகவும் சாதாரணம். இன்றைய பிள்ளைகள் கைப்பேசியிலேயே செய்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கற்பனையைப் பாருங்கள். அடுப்படியில் எரிந்துபோகிற மருமகளைப் பற்றி நம் நாட்டில் எத்தனை செய்திகள் படித்திருக்கிறோம்! விட்டலாச்சாரியா அதை நினைத்து எடுத்தாரா என்று கேட்காதீர்கள். சனங்களைச் சிரிக்கவும் அலறவும் வைக்க எடுத்தார். படம் அதற்கு மேலேயும் ஏதோ செய்துவிட்டது.

பேய்க்கு அதிக நேரம் கொடுத்துவிட்டேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கௌபாய் படங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) படங்களில் தொப்பி, பூட்ஸ், தோட்டா வரிசை, புழுதி, பாய்கிற குதிரை எல்லாம் உண்டு. ஓடும் குதிரைகளை அவர் படம் பிடித்த விதத்துக்காகவே மறுபடி பார்க்கலாம். 1972 ஜனவரியில்தான் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ புறப்பட்டது. பின்னாளில் ‘லயன் காமிக்ஸ்’ வழியாகக் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் தமிழ் பேசினார். அமெரிக்காவை இத்தாலிக்காரர்கள் வரைந்து, அதை நாம் தமிழில் படித்தோம். செர்ஜியோ லியோனி ஜப்பானியக் கதையைத் தழுவி ஸ்பெயினில் படம் எடுத்து அதை அமெரிக்கா என்றார். ஆகவே கர்ணன் படங்களில் ஜெய்சங்கர் தொப்பி போட்டதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில். கௌபாய் படங்களுக்கு ஆளில்லாத நிலம் வேண்டும். தமிழ்நாட்டில் பட்டா இல்லாத ஏக்கர் ஏது? ஏதாவது ஒரு வாய்க்கால் தகராறாவது இருக்கும். அதனால் நம் கௌபாயும் பழிவாங்குகிற மகனாக, ஏழைகளைக் காக்கிற அண்ணனாக மாறிவிடுகிறான். சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) படத்தில் ஊருக்கே ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்து இந்தக் கடனைச் சிரித்துக்கொண்டே தீர்த்தார்.

மிருகப் படங்களிலும் இதே கதைதான். ‘ஜாஸ்’ (1975) எடுத்தபோது இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதானது. அதனால் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலே பயமுறுத்த வேண்டியதாயிற்று. ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரங்கள் மீதியைப் பார்த்துக்கொண்டன. அந்தச் சுறாவுக்கு மனிதர்மேல் பகை கிடையாது, பசிதான். நம் சாண்டோ சின்னப்பா தேவர் படத்தில் மிருகம் பசிக்காக எதுவும் செய்யாது. ‘நல்ல நேரம்’ (1972) யானைகள் குடும்பத்தைக் காக்கும். ‘ஆட்டுக்கார அலமேலு’ (1977) ஆடு குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். ‘வெள்ளிக்கிழமை விரதம்’ (1974) பாம்பு பக்தையின் பக்கம் நிற்கும். தேவர் படத்து ஆட்டுக்கு இருந்த நீதியுணர்வு நம்மில் பாதிப் பேருக்கு இருந்தாலே போதும். சினிமாவாக எனக்கு ‘ஜாஸ்’தான் பெரிது. ஆனால் ஆடு வந்து நின்றால் கைதட்டுவேன். அதை என்னால் நிறுத்த முடியாது.

விஞ்ஞானப் படத்தில்தான் நாம் ஏழைகள் என்று பலர் நினைக்கிறார்கள். 1952-லேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து ‘காடு’ எடுத்தது. யானைகளுக்கு ரோமம் போர்த்தி, அழிந்துபோன மாமத யானைகள் என்று ஓடவிட்டார்கள். 1963-இல் ‘கலை அரசி’. வேற்றுக்கிரகத்துக்காரர்களிடம் விண்கலம் இருக்கிறது, கலை இல்லை. அதனால் பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய் எங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடு என்கிறார்கள். எம்.ஜி.ஆர். அங்கேயே போய் மீட்டுவருகிறார். மற்ற நாட்டுப் படங்களில் வேற்றுக்கிரகத்தார் தண்ணீருக்கும் நிலத்துக்கும் வருவார்கள். சங்கீதம் கற்றுக்கொள்ள வருவார்கள் என்று நினைத்தவர்கள் நாம். இந்தக் கற்பனைக்கு முன்னால் அட்டைப்பெட்டி விண்கலத்தை மன்னித்துவிடலாம்.

ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ (2015) எனக்கு மிகவும் பிடித்த படம். எதிர்காலத்திலிருந்து காலம் தாண்டும் எந்திரம் ஒன்று இரண்டு வேலையற்ற இளைஞர்கள் கையில் கிடைக்கிறது. அவர்கள் உலகத்தைக் காப்பாற்றப் புறப்படவில்லை. காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்துத் தரும் ஜோசியக் கடை போடுகிறார்கள்! இதைவிட நம் ஊர்த்தனமான விஞ்ஞானக் கதை எனக்குத் தெரியாது. தலைகீழாகப் புரட்டினாலும் கணக்கு ஓரளவு சரியாகவே வருகிறது. சிறுசிறு சரிக்கட்டல்களுக்குக் குறிப்பு எழுதமாட்டேன். வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) ஒரே நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறது. புரியாதவர்களுக்காகப் பாத்திரங்களே உட்கார்ந்து விளக்குகிறார்கள், அது என்னைப் போன்றவனுக்கு உதவி. முக்கியமானது, அந்த விளையாட்டுக்குள் இருக்கிற வழக்கு: ஒரு முஸ்லிம் இளைஞன்மேல் பழியைப் போட்டுக் கலவரம் மூட்டத் திட்டம். ஒவ்வொரு முறை சாகும்போதும் மறுவிசாரணை கிடைக்கிறது. எஸ்.ஜே. சூர்யாவின் எரிச்சல் ஏற ஏற நம் சிரிப்பும் ஏறுகிறது, வழக்கும் இறுகுகிறது. இரண்டையும் ஒரே கயிற்றில் முறுக்கிய படம்.

ஆக, என் தீர்ப்பு. வகைப் படத்துக்குள் நியாயம் கேட்பது நம் பழக்கம், அது நல்ல பழக்கம். நீலி காலத்திலிருந்து வருகிறது, விட வேண்டியதில்லை. ஆனால் நியாயம் கிடைத்துவிட்டது என்ற காரணத்தைக் காட்டிப் பயத்தை, மர்மத்தை, வியப்பைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்ய இயக்குநருக்கு உரிமை கிடையாது. டிக்கெட்டில் போட்டிருப்பது அதற்கான பணம். ‘ஈரம்’, ‘மூடுபனி’, ‘மாநாடு’ இரண்டு வரவையும் காட்டின. ‘சிகப்பு ரோஜாக்கள்’ பயத்தைக் கொடுத்து நியாயத்தில் குறைவைத்தது. ‘அரண்மனை’ நியாயத்தைச் சுமந்துவந்து பயத்தில் கைவிட்டது. கையில் கேமராவோடு இங்கே வந்திருக்கிற தம்பிகளுக்கு இந்தக் குறிப்பு உதவினால் சந்தோஷம்.

அடுத்த மாதம் இதே கூடத்தில் ‘அந்த நாள்’ திரையிடப் போவதாகச் செயலாளர் சொன்னார். தவறாமல் வாருங்கள், வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொலை செய்தது யார் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.